ஆர்லிண்டா சொல்லத் தாமதித்த பெயர்

ஆர்லிண்டா ரொட்டித் துண்டுகளில் பீநட் பட்டர் தடவிக்கொண்டிருந்தாள். பள்ளி நூலகத்தின் பின்னறையில் ஒரு தொட்டியும் ஒரு மேசையும்தான். மேசை மேல், வீட்டிலிருந்து கொண்டுவந்த மின்பானையில் சில்லி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பட்டர்நட் க்ரீக் ஊரில் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லி இருந்தால் பக்கத்தில் பீநட் பட்டர் சாண்ட்விச் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் யாரும் அதைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்வதில்லை.

மற்ற வருடங்களில் மகள் டெஸ்ஸி கூட நின்று சாண்ட்விச்சைக் குறுக்காக வெட்டுவாள். ஓரங்களை வெட்டி வாயில் போட்டுக்கொண்டு, "இது வரி" என்பாள். இந்த வருடம் அவள் நூலகத்தின் மறுகோடியில், கோட்டைக்கூடக் கழற்றாமல், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண். சனிக்கிழமை அவளுடைய அப்பா லோனி ஒஹாயோவிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வருகிறான். அவனோடு டேட்டனுக்குப் போய் அங்கேயே பள்ளியில் சேர்ந்துவிடுவதாக அவளே போனில் பேசி முடித்துவிட்டாள். ஆர்லிண்டாவிடம் கேட்கவில்லை. தகவல்தான் சொன்னாள்.

சனிக்கிழமைக்கு முன் மகளும் அவளும் ஒரே அறையில் உட்கார்ந்து வாய் திறந்து பேசப்போவது இன்றைக்கு மட்டும்தான். பள்ளியின் வினாடி வினா அணிக்குப் பருவம் முடிந்ததும் ஒரு புத்தக மாலை உண்டு. எல்லோரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு வந்து பேசுவார்கள். புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது, பேச்சை நடத்துவது, சில்லி கிளறுவது மூன்றும் நூலக உதவியாளரான ஆர்லிண்டாவின் பொறுப்பு.

பர்ல் சைஸ்மோர் உள்ளே வந்து மூடியைத் தூக்கி முகர்ந்தார். சமூக அறிவியல் வாத்தியார், அணிக்குக் கோச், காலையில் பள்ளிப் பேருந்தும் ஓட்டுகிறவர்.

"ஏம்மா, காரம் கொஞ்சம் தூக்கலோ?"

"கை தவறிடுச்சு பர்ல். கொட்டிடுச்சு."

"பேசினாளா?"

"'உப்பை எடுங்க மிஸ் ஆர்லிண்டா'ன்னா. நேத்து. வீட்ல."

பர்ல் மூடியை வைத்தார். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் அவளை மிஸ் ஆர்லிண்டா என்றுதான் கூப்பிடுவார்கள். டெஸ்ஸியும் பள்ளிக்குள் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றே ஆர்லிண்டா சொல்லி வைத்திருந்தாள். நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது பாருங்கள். இப்போது அந்தப் பெயர் பள்ளி வாசலைத் தாண்டி அடுப்படி வரை வந்துவிட்டது.

"புஸ்தகத்தை வெச்சு ஏதாவது பேசிப் பார்க்கறேன்" என்றாள் ஆர்லிண்டா. "நேரா பேசினா எந்திரிச்சுப் போயிடறா. கதைன்னா உட்காருவா. சின்ன வயசுலேருந்து அப்படித்தான்."

"பார்த்து" என்றார் பர்ல்.

ஒரு சொல்லுக்கு இடம் கொடுக்காமல் வாழ்வது ஆர்லிண்டாவுக்கு அப்பன் வழியில் வந்தது. அவளுடைய அப்பா ஆஸா கைஸர் சனிக்கிழமைகளில் சர்ச் அணிகளின் பேஸ்பால் ஆட்டத்துக்கு அம்பயராக நிற்பார். ஒரு முறை சொந்தத் தம்பியை, அவன் புழுதியில் சறுக்கி வந்து கட்டத்தைத் தொட்டும் தொடாமலும் கிடந்தபோது, அவுட் என்று கையை உயர்த்திவிட்டார். அதற்குப் பிறகு தம்பி அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. ஊர் இன்னும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறது. "கைஸர் வீட்டு நியாயம்" என்றால் பட்டர்நட் க்ரீக்கில் பாராட்டு பாதி, கிண்டல் பாதி. லோனி அதில் பாராட்டை விட்டுவிட்டான். "உன்கூட வாழறதும் கோர்ட்டு பெஞ்சுல படுத்துத் தூங்கறதும் ஒண்ணுதான்டி" என்று சொல்லிவிட்டு டேட்டனில் கிடங்கு வேலைக்குப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். பிறகு மகளும் அவளும்தான். வீட்டு ஓடு ஒழுகினால் இவள் ஏணியில் ஏறுவாள், அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு தலைநகரங்களின் பெயரை ஒப்பிப்பாள்.

இந்தப் பருவத்தின் வினாடி வினா மாவட்ட இறுதிச் சுற்று அன்று பனி விழுந்தது. கேள்வி வாசிக்க வேண்டியவரின் வண்டி மலைப்பாதையில் சறுக்கி நின்றுவிட்டது. இரண்டு கோச்சுகளும் தலையைச் சொறிந்தார்கள். எதிரணியான ஷேடி பாயின்ட்டின் கோச்தான் சொன்னார். "ஆர்லிண்டா வாசிக்கட்டுமே. அவ பொண்ணு எதிர்ல இருந்தா என்ன? கைஸர் வீட்டுப் பொண்ணுய்யா." கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல அந்தக் கைதட்டலில் இடமில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் இருந்தது.

ஆட்டத்தில் ஒரு விதி. பொத்தானை அழுத்தினால் அழுத்தியவர் முன்னால் விளக்கு எரியும். வாசிப்பவர் பார்த்து அவர் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் காதில் விழுந்த பிறகுதான் விடை சொல்லலாம். அதற்கு முன் சொன்னால் விடை சரியாக இருந்தாலும் செல்லாது. இரண்டு அணிகளும் சமநிலையில் நிற்க, கடைசிக் கேள்வி. மூன்று இதயமும் நீல ரத்தமும் கொண்ட கடல் உயிரி எது? வாக்கியம் முடிவதற்குள் டெஸ்ஸியின் விளக்கு எரிந்தது.

ஆர்லிண்டா நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை டெஸ்ஸியின் அணியிலிருந்த கீலி, டால்மேட்ஜ், எதிரணிப் பிள்ளைகள் என்று எல்லார் பெயரையும் மடமடவென்று சொல்லிக்கொண்டு வந்த வாய் இந்த ஒரு பெயரில் நின்றது. எப்படிச் சொல்வது? வேகமாகச் சொன்னால் ஆசை தெரியும். மெதுவாகச் சொன்னால் நடிப்பு தெரியும். மகளின் முகத்தையே பார்த்தபடி, குரலைச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"ஆக்டோபஸ்" என்றாள் டெஸ்ஸி.

"பெயர் அழைக்கவில்லை. விடை செல்லாது." இதைச் சொல்ல மட்டும் ஆர்லிண்டாவுக்குத் தாமதமே ஆகவில்லை.

வாய்ப்பு எதிரணிக்குப் போனது. அங்கிருந்த பையன் டெஸ்ஸியின் வாயிலிருந்து கேட்டதையே திருப்பிச் சொன்னான். செல்லும் என்றாள். கோப்பை ஷேடி பாயின்ட்டுக்குப் போயிற்று.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மளிகைக் கடையில் வழிமறித்துக் கையைக் குலுக்கினார்கள். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், "நம்ம சபையில ஒரு சகோதரி, பெத்த பிள்ளைன்னு பார்க்காம" என்று தொடங்கிவிட்டார். எல்லாத் தலைகளும் அவர்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பின. ஆர்லிண்டா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் எழுந்து, "அப்படி இல்லை ஐயா" என்று சொல்லவில்லை. டெஸ்ஸி அன்று சாயங்காலம்தான் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

சில்லியைக் கிண்ணங்களில் ஊற்றியானதும் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பர்ல், கீலி, டால்மேட்ஜ், டெஸ்ஸி, ஆர்லிண்டா. அணியின் நான்காவது ஆளான பையனுக்குக் காய்ச்சல். நாவல் ஆளுக்கொன்று முன்னால் கிடந்தது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வினாடி வினா அணியில் சேர்ந்த நாலு பிள்ளைகளின் கதை. அவர்களில் கெட்டிக்காரி ஓபல். பெரிய போட்டியின் கடைசிக் கேள்விக்கு அவளுக்கு விடை தெரியும், விரலும் பொத்தான் மேல் இருக்கும், ஆனால் அழுத்தமாட்டாள். ஏன் என்று எழுதியவர் எங்கேயும் சொல்லவில்லை. அடுத்த அத்தியாயத்தில் தோற்ற நாலு பேரும் பேருந்தில் பாடிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

"யாரு ஆரம்பிக்கிறீங்க?" என்றார் பர்ல்.

டால்மேட்ஜ் வாய் நிறையச் சாண்ட்விச்சோடு கையைத் தூக்கினான். "எனக்கு ஒரே சந்தேகம் கோச். புஸ்தகம் பூரா இந்த ஓபல் என்சைக்ளோபீடியாவைக் கரைச்சுக் குடிச்சவ மாதிரி சுத்தறா. கடைசியில கை மரத்துப் போச்சா?"

"மரத்துப் போனது உன் மூளை" என்றாள் கீலி. "அவ அணியில இருக்கிற ரூபி அந்த வருஷம் பூரா ஒரு தடவைகூடப் பொத்தானைத் தொடலை. அவ அழுத்தட்டும்னு ஓபல் விட்டுக்கொடுத்தா."

"ரூபிக்கு விடையே தெரியாதே!"

"அது ஓபலுக்குத் தெரியாதுல்ல?"

"பக்கம் காட்டு."

புத்தக மாலையின் ஒரே சட்டம் அதுதான். எதைச் சொன்னாலும் பக்கத்தைக் காட்ட வேண்டும். புத்தகத்தில் இல்லாததை மனசில் இருந்து எடுத்துவிடக்கூடாது என்று முதல் வருடமே ஆர்லிண்டா போட்ட சட்டம். கீலி பரபரவென்று புரட்டி, ஓபல் ரூபியின் பக்கம் திரும்புகிற வரியைக் காட்டினாள். டால்மேட்ஜ் இரண்டு கைகளையும் தூக்கிச் சரணடைந்தான்.

"நீ என்னம்மா நினைக்கிறே டெஸ்ஸி?" என்று பர்ல் மெல்லக் கேட்டார்.

டெஸ்ஸி கரண்டியால் பீன்ஸை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "அழுத்தறது சுலபம் கோச். அழுத்தின பிறகு எதிர்ல இருக்கறவங்க நம்ம பேரைச் சொல்லணும். சொல்லுவாங்களா மாட்டாங்களான்னு இருந்திருக்கும்."

கீலி தன் கிண்ணத்துக்குள் பார்த்தாள். டால்மேட்ஜ் மெல்லுவதை நிறுத்தினான்.

ஆர்லிண்டாவுக்கு இதுதான் கிடைத்த நூல்முனை. இழுத்துப் பிடித்தாள்.

"ஓபலோட அம்மா அன்னைக்குக் கூட்டத்துல உட்கார்ந்திருந்தாங்கல்ல? அவங்களைப் பத்தி யாராவது யோசிச்சீங்களா?"

"அந்த அம்மா கதையில ரெண்டு மூணு இடத்துலதான் வர்றாங்க மிஸ் ஆர்லிண்டா" என்றாள் டெஸ்ஸி. "வர்ற இடத்துல எல்லாம் கை தட்டறாங்க. வேற வேலை இல்லை அவங்களுக்கு."

கீலிக்குச் சிரிப்பு வந்து, பாதியில் இருமலாக மாறியது.

"வெளியில கை தட்டினாலும் உள்ளுக்குள்ள பயம் இருந்திருக்கலாம்ல? பொண்ணு மேல வெச்ச பாசத்தாலயே ஏதாவது தப்புப் பண்ணிடுவோமோன்னு..."

"பக்கம் காட்டுங்க" என்றாள் டெஸ்ஸி.

ஆர்லிண்டா புத்தகத்தை எடுத்தாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அதில் அப்படி ஒரு பக்கம் இல்லை என்று மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் தாள்களைத் தள்ளிக்கொண்டே போனாள். விரல் ஈரத்தில் தாள் ஒட்டியது. மூன்று பிள்ளைகளும் ஒரு பெரிய மனுஷனும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் இல்லாத வரியைத் தேடினாள். மேசை மேல் இருந்த டெஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் டெஸ்ஸி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லை" என்றாள் ஆர்லிண்டா. "புஸ்தகத்துல இல்லை."

"சரி, அடுத்த கேள்விக்குப் போகலாமா?" என்று பர்ல் குறுக்கே வந்தார்.

"இருங்க பர்ல்." அவள் எழுந்துவிட்டாள். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து புத்தக அலமாரியில் இடித்தது. "எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னைக்கு டெஸ்ஸி மேல தப்பே இல்லை. விளக்கு எரிஞ்சதும் நான் பேரைச் சொல்லியிருக்கணும். மத்த பிள்ளைங்களுக்கு எல்லாம் சொன்னேன். இவளுக்குச் சொல்லலை. சொல்லாம மூஞ்சியையே பார்த்துட்டு நின்னேன். அது விதி இல்லை, என் வீம்பு. தோத்தது உங்களால இல்லை. என்னால."

பின்னறையில் மின்பானை தளதளத்துக்கொண்டிருந்தது.

டால்மேட்ஜ்தான் முதலில் வாய் திறந்தான். "அப்போ... கோப்பை நமக்கா கோச்?"

"இல்லடா. ஆட்சேபணை அன்னைக்கே சொல்லியிருக்கணும். நான் சொல்லலை." பர்ல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்ல மனசு வரலை. ஆர்லிண்டா மூஞ்சியைப் பார்த்தேன், அவ்வளவுதான்."

"ஆக்டோபஸுக்காவது மூணு இதயம். ஒண்ணு உடைஞ்சா ரெண்டு இருக்கும்" என்றான் டால்மேட்ஜ். கீலி அவன் முழங்காலில் உதைத்தது மேசைக்கு மேலேயே தெரிந்தது.

ஆர்லிண்டா மகளைப் பார்த்தாள். சொல்லிவிட்டாள். இத்தனை நாள் தொண்டையில் நின்றதை நாலு பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டாள். இனி அந்த முகம் கொஞ்சம் இளகும், ஒரு தரமாவது நிமிர்ந்து பார்க்கும் என்று பிச்சைக்காரி மாதிரி காத்துக்கொண்டு நின்றாள்.

டெஸ்ஸியின் முகம் சிவந்துபோயிருந்தது. நிமிர்ந்து பார்க்கவும் செய்தாள். ஆனால் அந்தப் பார்வையில் இளக்கம் இல்லை.

"ஞாயித்துக்கிழமை பாதிரியார் இதையும் சொல்லுவார்" என்றாள். "ஒரு சகோதரி எல்லார் முன்னாடியும் தப்பை ஒத்துக்கிட்டாங்கன்னு. இன்னும் நல்லா இருக்கும்."

அதோடு புத்தக மாலை முடிந்தது. பெயருக்கு ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டார்கள். கீலி போகும்போது ஆர்லிண்டாவை அவசரமாக ஒரு முறை கட்டிப்பிடித்து, "சில்லி நல்லா இருந்துச்சு மிஸ் ஆர்லிண்டா" என்றாள். டால்மேட்ஜின் கிண்ணம் காலி. கீலியின் கிண்ணத்தில் பாதி மிச்சம். டெஸ்ஸியின் கிண்ணத்தில் எல்லாம் அப்படியே இருந்தது. பர்ல் வாசலில் தயங்கி நின்றார்.

"நான் வேணா லோனிகிட்டப் பேசட்டுமா?"

"என்னன்னு பேசுவீங்க?"

பர்ல் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

பின்னறையில் ஆர்லிண்டா தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டாள். டெஸ்ஸி கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். கோபமாக இருந்தாலும் வேலையில் குறை வைக்கமாட்டாள். வளர்ப்பு அப்படி.

"தனியா சொல்லியிருக்கணும்" என்றாள் ஆர்லிண்டா, தொட்டியைப் பார்த்துக்கொண்டே. "இப்பத்தான் புரியுது. முதல்ல உன்கிட்ட வந்து சொல்லியிருக்கணும்."

"ம்."

"எத்தனை ராத்திரி உன் கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன் தெரியுமா?"

"தெரியும். தரைப் பலகை கிரீச்சுங்கும்."

ஆர்லிண்டா திரும்பினாள். கைகளில் நுரை வழிந்தது. "கண்ணு, என்ன செய்யணும்னு சொல்லு. செய்யறேன். இந்த வேலையை விட்டுடட்டுமா? நீ படிக்கிற பள்ளிக்கூடத்துப் பக்கமே வரமாட்டேன். வேற சர்ச்சுக்குப் போகலாம். போகவே வேணாம்னாலும் சரி. டேட்டனுக்கு நானும் வந்துடறேன், பக்கத்துத் தெருவுல ஒரு அறை எடுத்துக்கறேன். உன் அப்பன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். நீ மட்டும் சனிக்கிழமை அந்த வண்டியில ஏறாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கறேன்டி."

பேசப் பேசத் தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. இப்படிக் கெஞ்சி அவளுக்குப் பழக்கமில்லை. லோனி போனபோதுகூட, "சாவியை வெச்சுட்டுப் போ" என்று மட்டும்தான் சொன்னாள்.

டெஸ்ஸி மேசை விளிம்பில் ஒட்டியிருந்த பீநட் பட்டரை நகத்தால் சுரண்டினாள். "நீ என்னையே பார்த்துட்டிருந்தே. நீ பேரைச் சொல்லிட்டே, என் காதுலதான் விழலைன்னு நினைச்சுட்டேன். அதான் விடையைச் சொன்னேன்."

மிஸ் இல்லை, நீங்கள் இல்லை. நீ என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு ஆர்லிண்டா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்லுவியா?"

"கேளு."

"அந்த விளக்கு கீலிக்கு எரிஞ்சிருந்தா உடனே பேரைச் சொல்லியிருப்பே இல்லே?"

பொய் சொல்லலாம். அந்தக் கணத்தில் ஆர்லிண்டா கைஸர் தன் ஆயுளில் முதல் தடவையாக ஒரு பொய்யை நாக்கு நுனி வரை கொண்டுவந்தாள். யாருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும், பதற்றம், பனி, கண் மங்கல். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நம்பக்கூடும். நம்பினால் சனிக்கிழமை வண்டி காலியாகத் திரும்பவும் கூடும்.

"சொல்லியிருப்பேன்" என்றாள். "உடனே."

டெஸ்ஸி தலையை ஆட்டினாள். ஏற்கெனவே தெரிந்த ஒன்றை யாரோ உறுதிப்படுத்தியது போல ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது. ஆனால் விழவிடவில்லை, கோட்டின் கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"உன் அப்பனுக்கு நான் ராத்திரி போன் பண்ணணும்" என்றாள் ஆர்லிண்டா. "வரவேணாம்னு சொல்லட்டுமா? இல்லை... உன் சாமானை எடுத்து வைக்கட்டுமா? என்னன்னு சொல்லுடி தங்கம். எதுவானாலும் சொல்லிடு."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. டெஸ்ஸி கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரை ஒவ்வொன்றாகப் போட்டாள். மேசையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். குளிர்காலத்தில் வண்டியை முன்கூட்டிப் போய்ச் சூடேற்றி வைப்பது அவள் வேலை. "வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றாள் வாசலில். பின்னறைக் கதவைத் திறந்து வெளியே போய், காற்று உள்ளே வராதபடி அதை மெதுவாகச் சாத்தினாள்.